நாலு கை, ஒரு கீபோர்டு: 'தி போன் யார்ட்' எபிசோடில் ரசிகர்கள் சிரிக்க மறந்த இடம்

அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 2003-இல் தொடங்கிய 'என்.சி.ஐ.எஸ்.' என்ற கடற்படைக் குற்றப் புலனாய்வுத் தொடரை ஒரு சீசன்கூடப் பார்க்காதவர்களுக்கும் அதில் ஒரு காட்சி தெரிந்திருக்கும். இரண்டாவது சீசன், ஐந்தாவது எபிசோடு, பெயர் 'தி போன் யார்ட்'. 2004 அக்டோபர் 26 அன்று ஒளிபரப்பானது. லேப் நிபுணர் ஆபியின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிடுகிறார்கள். திரையில் ஜன்னல்கள் மளமளவென்று திறக்கின்றன. ஆபி வேகவேகமாகத் தட்டுகிறார், சமாளிக்க முடியவில்லை. சக அதிகாரி மெக்கீ பக்கத்தில் வந்து நின்று அதே கீபோர்டில் தன் இரண்டு கையையும் வைத்துத் தட்ட ஆரம்பிக்கிறார். இன்னொரு அதிகாரி டோனி சாண்ட்விச்சும் கையுமாக வந்து "என்ன, வீடியோ கேமா?" என்கிறார். சட்டென்று திரை அணைகிறது. நீயா, நானா என்று இருவரும் பார்த்துக்கொள்ள, பின்னால் பாஸ் கிப்ஸ் பிடுங்கிய பிளக்கோடு நிற்கிறார்.

முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லாத காட்சி. இருபது வருஷமாக இதை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேலியில் பெரும்பங்கு நாலு கைக்குத்தான் போகிறது. அது கேலிக்குரியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு புலனாய்வுத் தொடராக எடைபோட்டால் பெரிய ஓட்டை கீபோர்டில் இல்லை. கிப்ஸின் கையில் இருக்கிறது. அதைவிட வேடிக்கை, சரியான பதிலும் இதே காட்சியில் வசனமாக வந்துவிட்டுப் போகிறது. சொன்னவரே அதைச் செய்யவில்லை.

முதலில் கீபோர்டு. சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். மேல் வரிசையில் பத்து எழுத்து, ஆக எழுத்துப் பகுதியின் அகலம் சுமார் 19 சென்டிமீட்டர். தட்டுவதற்காக விரித்த ஒரு கை 9 சென்டிமீட்டராவது பிடிக்கும். இரண்டு கை வைத்தாலே இடம் தீர்ந்தது. நாலு கை என்றால் 36. வலப்பக்க எண் பகுதியையும் சேர்த்தால் பலகையின் மேல் நாலு கையையும் வைத்துவிடலாம். எழுத்தின் மேல் வைக்க முடியாது.

அடுத்து உள்ளே ஓடும் கம்பிகள். நூற்றுச் சொச்சம் கீக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலைப்பின்னல். 8 வரிசை, 16 நெடுவரிசை என்றால் 24 கம்பியிலேயே 128 சந்திப்பு கிடைத்துவிடும். எந்த வரிசை எந்த நெடுவரிசையைத் தொடுகிறது என்று உள்ளிருக்கும் சின்ன சிப் மாற்றி மாற்றிப் பார்க்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையில் இருக்கும் கீக்களை ஒரே சமயம் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தினாற்போலவே அதற்குத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மலிவான கீபோர்டுகள் சந்தேகம் வந்தால் மூன்றாவது கீயை ஒதுக்கிவிடும். நல்ல கீபோர்டாகவே இருந்தாலும், யுஎஸ்பியின் அடிப்படை முறையில் ஒரு தடவை போகும் தகவல் 8 பைட்தான்: ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறாவுக்கு ஒன்று, வெறுமனே ஒன்று, மீதி ஆறில் ஆறு கீ. ஏழாவதாக ஒரு விரல் விழுந்தால் எழுத்துக்குப் பதிலாகப் பிழைக் குறியீடு போகும். ஒருவர் தட்டும்போது இது தொல்லையே இல்லை. இருபது விரல் மழையாகக் கொட்டும்போது எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் மூன்றாவது சிக்கல் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். கர்சர் ஒன்றுதான். ஒருவர் 'கதவு' என்றும் மற்றவர் 'பூட்டு' என்றும் ஒரே வேகத்தில் தட்டினால் திரையில் 'கபூதட்வுடு' வரும். ஒருவர் ஷிஃப்டைப் பிடித்தால் மற்றவர் எழுத்தும் மாறும். ஒருவர் பேக்ஸ்பேஸ் மற்றவர் எழுத்தை விழுங்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்டர். ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் கட்டளையில் ஃபோல்டரின் பாதையைப் பாதிதான் தட்டியிருக்கிறீர்கள். பக்கத்து ஆள் தன் வேலை முடிந்ததென்று என்டரை அழுத்துகிறார். மேல்மட்டத்தில் இருப்பதெல்லாம் போயிற்று. ஹேக்கர் செய்ய நினைத்ததை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள்.

இதற்கு ரசிகர்களில் ஒரு சாரார் சொல்லும் சமாதானம்: ஆபி இடப்பாதி, மெக்கீ வலப்பாதி, இருவரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தைத் தட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் 'நெட்ஸ்டாட்' கட்டளையையே எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 'என்' மட்டும் வலப்பாதி. பாக்கி இ, டி, எஸ், டி, ஏ, டி அத்தனையும் இடப்பாதி. மெக்கீ ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நிஜத்தில் இப்படி ஒரு நெருக்கடி வந்தால் இரண்டு பேர் உட்காருவார்கள், உண்மைதான். ஒருவர் தட்டுவார். இன்னொருவர் நோட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு எந்தக் கட்டளை, என்ன பதில் வந்தது. நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போவது அந்த நோட்டுதான். மூன்றாவது ஆள் இருந்தால் அவர் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஃபயர்வாலை, அதாவது நெட்வொர்க்கின் வாசல் காவலை, பார்ப்பார்.

தட்டச்சு வேகத்தால் ஹேக்கரை முந்துவது என்ற கற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகத் தட்டுகிறவர் நொடிக்கு ஐந்தாறு எழுத்து தட்டுவார். எதிரில் இருப்பது மில்லிசெகண்டில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், முன்பே எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு. தவிர, புகுந்தவன் திரையில் பட்டாசு வெடிக்க மாட்டான். சத்தமில்லாமல் இருப்பதுதான் அவன் பிழைப்பே. கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனமான மேண்டியன்ட்டின் அறிக்கைப்படி, 2011-இல் ஊடுருவல்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் ஆசாமி உள்ளே இருந்த காலத்தின் இடைநிலை அளவு 416 நாள். இந்த எபிசோடில் அவன் உள்ளே வந்த மறுநொடியே பிடிபடுகிறான். அந்த வகையில் ஆபிக்கு ஒரு சபாஷ் போடலாம்.

வசனத்துக்கு வருவோம். கேலியில் அடிக்கடி வரும் வரி 'டிஓடி லெவல் 9 என்கிரிப்ஷன்'. உடைக்க மாதக்கணக்காகும் என்கிறார்கள், பாதுகாப்புத் துறையின் ஒன்பதாம் நிலையாம். அப்படியொரு நிலை கிடையாது. அமெரிக்க அரசு பயன்படுத்தும் என்கிரிப்ஷன் கருவிகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த எஃப்ஐபிஎஸ் 140-2 தரத்தில் மொத்தமே நாலு நிலை. ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறை 2001-இல் அரசுத் தரமானது. அதில் நிலை என்று எதுவும் இல்லை, 128, 192, 256 பிட் என்று சாவி நீளம்தான். எண்ணைவிடப் பெரிய தவறு அடியில் இருக்கிறது. என்கிரிப்ஷன் என்பது பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தைச் சங்கேதத்தில் எழுதிவைப்பது. வாசலில் ஆளை நிறுத்துவது அதன் வேலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில், லாகின் செய்து ஆபி உட்கார்ந்திருக்கையில், பூட்டு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

இதே அளவுக்குக் கேலிக்குள்ளாகும் இன்னொரு வரி, மெக்கீ சொல்வது: அந்த நோடைத் தனிமைப்படுத்து, அவர்களை ரூட்டருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடு. வெறும் வார்த்தை ஜாலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாம் பாதி ஜாலம்தான். முதல் பாதி அப்படி இல்லை. நோட் என்றால் நெட்வொர்க்கில் இணைந்த ஒரு கருவி. இங்கே ஆபியின் கம்ப்யூட்டர். அதைத் தனிமைப்படுத்துவதுதான் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் முதல் படி. அதற்கு ஒரு எழுத்துகூடத் தட்ட வேண்டாம். கம்ப்யூட்டரின் முதுகில், பிளாஸ்டிக் நாக்கு வைத்த நெட்வொர்க் கேபிள் இருக்கும். நாக்கை அழுத்தி இழுத்தால் 'டிக்' என்று வந்துவிடும். வயர்லெஸ் இணைப்பு இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். எட்டாத இடத்தில் இருந்தால், கேபிள்கள் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் அந்த ஒரு இணைப்பை மட்டும் மூடலாம். ஹேக்கருக்கு வழி அறுந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாட்சியம் அப்படியே உள்ளே இருக்கிறது. மெக்கீ வாயால் சொன்னதைக் கையால் செய்திருந்தால் காட்சி ஐந்து நொடியில் முடிந்திருக்கும்.

அதற்குப் பதிலாகக் கிப்ஸ் பிளக்கைப் பிடுங்குகிறார். எந்தப் பிளக் என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சி.

மானிட்டர் பிளக்தான் என்கிறது ஒரு கட்சி. காட்சியில் நமக்குத் தெரிவது திரை அணைவது மட்டும்தான் என்பது இவர்கள் வாதம். அப்படியானால் பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று நினைத்த கதை. கம்ப்யூட்டர் ஓடுகிறது, கேபிள் இருக்கிறது, ஹேக்கர் உள்ளே நிம்மதியாக இருக்கிறான். பார்க்கும் வசதியை மட்டும் நம்மவர்கள் இழந்துவிட்டார்கள்.

மொத்த மேசைக்கும் மின்சாரம் போனது என்கிறது இரண்டாவது கட்சி. ஒரு அரசுத் தடயவியல் லேபில் யுபிஎஸ் இல்லாமலா என்ற கேள்வியை ஓரமாக வைப்போம். ஹேக் நின்றது, சரி. ஆனால் அந்தக் கணத்தில் ரேமில், அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் தற்காலிக நினைவகத்தில், இருந்தது எல்லாம் ஆவி. எந்த முகவரியோடு இணைப்பு இருந்தது, எந்த புரோகிராம் ஓடியது, எந்தக் கடவுச்சொல்லை வைத்து நுழைந்தான், எல்லாமே ரேமில்தான் இருக்கும். இது புத்தக வாதம் இல்லை. எபிசோடு வருவதற்கு 21 மாதம் முன்பு, 2003 ஜனவரியில் 'எஸ்க்யூஎல் ஸ்லாமர்' என்ற வார்ம், தானே பரவும் நச்சு புரோகிராம், உலகெங்கும் சர்வர்களைச் சாய்த்தது. மொத்தம் 376 பைட். ஹார்டு டிஸ்கில் அது எதையும் எழுதவே இல்லை, ரேமிலேயே வாழ்ந்தது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினால் அதில் வார்மின் சுவடே இருக்காது. ஓட்டையை அடைக்காமல் மறுபடி நெட்வொர்க்கில் போட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ரேமை எடுக்கும்வரை அணைக்காதே என்ற விதி பிற்காலத்தில் வந்தது, 2004-இல் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். எந்தச் சாட்சியம் முதலில் அழியும், எதை முதலில் எடுக்க வேண்டும் என்று வரிசை சொல்லும் 'ஆர்எஃப்சி 3227' ஆவணம் 2002 பிப்ரவரியில் வந்துவிட்டது. பிராசஸரின் உள்நினைவு, பிறகு நெட்வொர்க் அட்டவணைகளும் ஓடும் புரோகிராம்களும் ரேமும், பிறகு தற்காலிகக் கோப்புகள், அதற்குப் பிறகுதான் ஹார்டு டிஸ்க். எடுத்து முடிக்கும்வரை கம்ப்யூட்டரை அணைக்காதே என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. 2004 ஜனவரியில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டும் இத்தகைய தாக்குதலைக் கையாளும் கையேட்டை வெளியிட்டது.

கிப்ஸுக்கு ஆதரவாக ஒரே ஒரு வலுவான வாதம் உண்டு. அதை ரசிகர்கள் எடுத்து வைப்பதில்லை, நாமாவது வைப்போம். அமெரிக்க நீதித்துறை 2001-இல் வெளியிட்ட, சம்பவ இடத்துக்கு முதலில் போகும் போலீசாருக்கான வழிகாட்டியில், பிளக்கைப் பிடுங்கு என்றே இருக்கிறது. முறைப்படி ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் நிறையக் கோப்புகளைத் திருத்திவிட்டுத்தான் அணையும் என்பது காரணம். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம்: சுவரில் பிடுங்காதே, கம்ப்யூட்டரின் முதுகில் பிடுங்கு. நடுவில் யுபிஎஸ் இருந்தால் சுவரில் பிடுங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. தவிர, அந்த அறிவுரை சந்தேகத்துக்குரியவரின் வீட்டில், தனியாக நிற்கும் கம்ப்யூட்டருக்குச் சொன்னது. நெட்வொர்க்கில் இணைந்ததென்றால் நிபுணரைக் கூப்பிடு, நீ கைவைக்காதே என்கிறது அதே வழிகாட்டி. இங்கே நிபுணர்கள் இருவருமே அறைக்குள் நிற்கிறார்கள், கீபோர்டைப் பங்குபோட்டுக்கொண்டு.

அதே லேபில் நடந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். திரையை ஒரு போட்டோ, ஓரத்தில் இருக்கும் கடிகாரம் தெரிகிறாற்போல. அந்தக் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நொடி தள்ளி ஓடுகிறது என்று குறிப்பு. கேபிளைக் கழற்றுவது. ரேமை வெளி டிரைவுக்கு நகலெடுப்பது: அன்றைய கணக்கில் 512 மெகாபைட் ரேம், யுஎஸ்பி 2.0-இல் நொடிக்கு 25 மெகாபைட் போனாலும் இருபது நொடிச் சொச்சம். ஆபியும் மெக்கீயும் தட்டிய நேரத்தில் இதை முடித்துக் காபியும் குடித்திருக்கலாம். அதன் பிறகு அணைத்து, ஹார்டு டிஸ்கைக் கழற்றி, எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக முழு நகல், நகலும் மூலமும் ஒன்றே என்று காட்ட ஹாஷ் எண், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி ஒரு எண். மூலத்தைப் பையில் போட்டு முத்திரை.

நகைச்சுவைக்கு எழுதிய காட்சியை இப்படிப் பிய்க்கலாமா என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கிப்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது என்பது தொடரின் நிரந்தர ஜோக். இரண்டு மேதைகள் திண்டாட, ஒன்றும் தெரியாத பெரியவர் பிளக்கைப் பிடுங்குகிறார். கட்டுமானமாகப் பார்த்தால் கச்சிதமான ஜோக், இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. குறை என்னவென்றால் கதை கிப்ஸ் பக்கம் நின்றுவிடுகிறது. பிளக்கைப் பார்த்ததும் ஆபி "ஐயோ, ரேம் போச்சே!" என்று ஒரு அலறல் அலறியிருந்தால் போதும். ஜோக்கும் இருந்திருக்கும், லேபின் மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இதோடு சேர்த்துக் கேலி செய்யப்படும் 'சிஎஸ்ஐ: நியூயார்க்' என்ற இன்னொரு புலனாய்வுத் தொடரின் வசனத்தையும் பார்த்துவிடலாம். கொலையாளியின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அவன் இணைப்புக்குரிய எண்ணை, பிடிக்க, விஷுவல் பேசிக் என்ற புரோகிராம் மொழியில் ஒரு 'ஜியுஐ இன்டர்ஃபேஸ்' செய்யப்போவதாகச் சொல்லும் அந்த வரி. ஜியுஐ என்றால் 'கிராஃபிக்கல் யூசர் இன்டர்ஃபேஸ்', ஜன்னலும் பட்டனுமாகத் திரையில் தெரியும் முகப்பு. அதன் கடைசி எழுத்தே இன்டர்ஃபேஸ்தான். 'கேட்டுக் கதவு' மாதிரி. ஐபியைத் தேட எந்த ஜன்னலும் செய்ய வேண்டாம். முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பொதுப் பதிவேட்டில் பார்த்தால் ஒரு இணைய நிறுவனத்தின் பெயர் வரும். அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தியவர் யார் என்பதை அந்த நிறுவனம்தான் சொல்ல முடியும். அதற்குச் சட்டப்படி ஆணை வேண்டும், நொடிவரை நேரம் வேண்டும், எந்த நேர மண்டலம் என்றும் வேண்டும். ஒரு மணி நேரம் பிசகினால் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்ட நேரும். இரண்டு காட்சியில் எது மோசம் என்ற சண்டை ஓயாதது. நம் ஓட்டு என்.சி.ஐ.எஸ்.ஸுக்கே: அங்கே வாய் தவறியது, இங்கே கை தவறியது.

இந்தக் களேபரத்தில் எபிசோடின் மீதி நாற்பது நிமிடம் அநியாயமாக மறக்கப்பட்டுவிட்டது. வர்ஜீனியாவில் உள்ள குவான்டிகோ மரைன் தளத்தின் பயிற்சித் திடலில் மனித எச்சங்கள் கிடைக்கின்றன. மாஃபியா பிணங்களைக் கொண்டுவந்து போடும் இடம் அது என்று தெரிகிறது. குண்டு விழும் திடலில் பிணத்தைப் போட்டால் ராணுவமே தடயத்தை அழித்துக் கொடுக்கும். குற்றவாளியின் மூளையை மெச்சத்தான் வேண்டும். எஃப்பிஐ அதிகாரி ஃபோர்னெல் மேல் மாஃபியாவுக்கு உளவு சொன்னதாகச் சந்தேகம் விழுகிறது. ஃபோர்னெலாக வரும் ஜோ ஸ்பானோவும் கிப்ஸாக வரும் மார்க் ஹார்மனும் எதிரெதிரே வரும் இடங்கள் நன்றாக வந்திருக்கின்றன. பலருடைய எலும்பு சிதறிக் கலந்து கிடந்தால் நிஜத்தில் முதல் வேலை கூட்டல் கணக்குதான். வளர்ந்த ஒருவருக்கு 206 எலும்பு, அதில் இடது தொடை எலும்பு ஒன்றே ஒன்று. மூன்று இடது தொடை எலும்பு கிடைத்தால் குறைந்தது மூன்று பேர். உடைந்த துண்டென்றால் எல்லாத் துண்டிலும் அதே பகுதி, அதாவது தொடை எலும்பின் தலைப்பந்து மாதிரி ஒன்று, இருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒரே எலும்பின் இரண்டு துண்டு இரண்டு ஆளாகிவிடும்.

காட்சியை மட்டும் தேடிப் பார்க்கிறவர்கள் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது. தனிமைப்படுத்தச் சொல்லும் அந்த வரி கீபோர்டுச் சத்தத்தில் சட்டென்று ஓடிவிடும். இரண்டாவது தடவை ஓடவிடும்போது கீபோர்டை விட்டுவிட்டு டோனியைப் பாருங்கள். கொலை வழக்குகளின் டிஎன்ஏ மாதிரி வந்துபோகும் லேபில், கையுறை இல்லாமல், வாய் நிறைய சாண்ட்விச்சோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அவரை யாருமே வெளியே போகச் சொல்லவில்லை.